பாட்டுப் பா, பம்பாய்ப் பா

இன்று காலை என் மூக்குக் கண்ணாடியின் கால் ஒடிந்துவிட்டது. செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரன் பத்து மணிக்கு முன் ஷட்டரைத் தூக்க மாட்டான். அதுவரை பேப்பர் படிக்காமல் எப்படி இருப்பது என்று மேசை இழுப்பறையைத் துழாவியபோது உன் கண்ணாடிக் கூடு கையில் பட்டது. உன் காரியமெல்லாம் முடிந்தபின் உன் மகள் காட்கோபரிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போன பையில் இருந்தது அது. எடுத்து மாட்டிக்கொண்டேன். எழுத்து ஒன்றும் தெளியவில்லை. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஒண்டியாக உட்கார்ந்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தேன். பாத்திரம் தேய்க்கிற பெண் சோப்புக் கையோடு ஓடி வந்து, "க்யா ஹுவா, அம்மா?" என்றாள்.

அது பவரே இல்லாத வெறும் கண்ணாடி. போட்டுக்கொள்வதற்காக நீ அதை வாங்கவில்லை. வீட்டில் மறந்துவிட்டு வருவதற்காக வாங்கினாய்.

நம் நாடகக் குழுவில் எந்தப் புது நாடகத்துக்கும் முதல் நாள் வாசிப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹால், தரையில் ஜமக்காளம். ஆளுக்கொரு பிரதி. எல்லோரும் அவரவர் வசனத்தை உரக்கப் படிக்க வேண்டும். உன் முறை வரும்போது நீ கைப்பையைத் திறப்பாய், துழாவுவாய், நெற்றியில் தட்டிக்கொள்வாய். "ஐயோ சார், கண்ணாடிய மறந்துட்டேன்." நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் பங்கையும் படிப்பேன். ஒரு முறை கேட்டால் போதும், அடுத்த ஞாயிறு முக்கால்வாசி உன் வாயில் இருக்கும். அந்த ஹாலில் உன் நடிப்பைப் பாராட்டாதவர்கள் கிடையாது. ஆனால் கைப்பையைத் துழாவிய அந்த நடிப்புதான் உச்சம் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நாம் எல்லோரும் ஆபீஸ்காரர்கள். நான் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மேடை ஏறத் தைரியம் இல்லாததால் திரையோரம் நின்று கிசுகிசுப்பாக வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் ஆனேன். எழுதி இயக்கியவர் வங்கி அதிகாரி. எல்லோருக்கும் அவர் 'சார்'. நீ மட்டும்தான் ஆபீஸ் வாசனை இல்லாமல் தாராவியிலிருந்து வந்தவள். உன் அப்பா தோல் பை, சூட்கேஸ் தைக்கிற சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஒரு நாடகத்துக்கு வாடகைக்குக் கேட்ட பழைய சூட்கேஸைக் கொடுக்க வந்த நீ, ஒரு மணி நேரம் வாசல்படியிலேயே நின்று ஒத்திகையைப் பார்த்தாய். அன்றைக்கு நாயகியாக நடிக்க வேண்டியவள் வரவில்லை, அவள் வசனத்தை நான் படித்துக்கொண்டிருந்தேன். சார் எரிச்சலில் கத்திக்கொண்டிருந்தார். நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, காதில் விழுந்த அவ்வளவு வசனத்தையும் சொன்னாய். எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தையும் சேர்த்து.

சார் மூக்கின் மேல் விரல் வைத்தார். "தமிழ் எங்கம்மா படிச்சே?"

"வீட்டுல சார்" என்றாய் நீ. அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையென்றும் சொல்ல முடியாது.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீ கடைசிவரை என்னைக் கேலி செய்வாய், "சிஐடி" என்று. பெரிய துப்பறியும் வேலை ஒன்றும் இல்லை. சார் ஒத்திகைக்கு நடுவே வசனத்தை மாற்றித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். நீ பவ்யமாக வாங்கிப் பார்ப்பாய், தலையாட்டுவாய், பிறகு பழைய வசனத்தையே சொல்வாய். மூன்று ஞாயிறு இப்படி நடந்தது. ஒரு தடவை கேட்டதையே மறக்காதவள், படித்ததை மட்டும் எப்படி மறப்பாள்? நாலாவது ஞாயிறு, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இட்லிக் கடையில் வைத்துக் கேட்டேன்.

"ஏண்டி, உனக்குத் தமிழ் படிக்க வராதா?"

நீ சாம்பாரைக் கலக்கிக்கொண்டே, "வராது. சாருட்ட போயிச் சொல்லுதியா?" என்றாய்.

"சொல்ல மாட்டேன்."

"அப்ப எழுதித் தா. இந்தி எழுத்துல எழுதித் தந்தா கடகடன்னு வாசிச்சிருவேன். எங்கய்யா என்னைய இந்தி ஸ்கூல்ல போட்டாரு. பொழைக்க வந்த ஊரு எழுத்து வேணும்லா? தமிழு வீட்டுல கெடக்கு, அது எங்கன போவப்போவுதுன்னாரு."

சாருக்கு ஒரு கொள்கை இருந்தது. 'தமிழ் எழுத்துத் தெரியாதவர் வாயில் என் தமிழ் நுழையக் கூடாது' என்று வாரம் ஒரு தடவையாவது சொல்வார். உன்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே சொல்வார். உனக்கோ மேடை இல்லாவிட்டால் மூச்சு முட்டும். ஆகவே நான் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு வம்பான வேலை என்று தெரிந்தது. தமிழில் ஒரே ஒரு 'ப'. இந்தியில் நாலு. தமிழைப் படிக்கிறவர்கள் இடம் பார்த்துத் தாமாகவே சரியாக உச்சரித்துவிடுவார்கள். உனக்கு எழுதும்போது அதை நான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நாலையும் நாம் இரண்டாகச் சுருக்கினோம். பாட்டு என்பதில் வருகிற பா ஒன்று, பம்பாய் என்பதில் வருகிற பா ஒன்று. பாட்டுப் பா, பம்பாய்ப் பா. மேடையில் மறந்துபோனால் நான் எடுத்துக்கொடுப்பேனே என்றால், அதிலும் சிக்கல். தொண்டை அதிராமல் கிசுகிசுத்தால் இரண்டு பாவும் ஒரே மாதிரிதான் கேட்கும். "நோட்டைப் பார்த்து மனசுல ஏத்திக்கோடி, என் கிசுகிசுப்பை நம்பாதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ழகரத்துக்கு எனக்குத் தெரிந்த இந்தி எழுத்து எதுவும் இல்லை. ள எழுதி அடியில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளியைப் பார்த்தால் நாக்கை மடக்கு என்பது கட்டளை. நீ அதற்கு முன் வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். புள்ளி வந்த பிறகு ஒரு ழகரம்கூடத் தப்பவில்லை. தமிழ் படித்த மற்றவர்கள் எல்லாம் அவசரத்தில் ளகரத்தை உதிர்த்துக்கொண்டிருக்க, சார் ஒருநாள் ஒத்திகையை நிறுத்தி, "இந்தப் பெண்ணோட ழகரத்தைக் கேளுங்க! முறையாத் தமிழ் படிச்சா இப்படித்தான் வரும்" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உன் தோள் குலுங்குவதைப் பார்த்து நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலைக் காட்சிக்கு நாம் போன இங்கிலீஷ் படங்கள் நினைவிருக்கிறதா? ஒத்திகைக்கு முன்னால், கறுப்பு வெள்ளைப் படம், குறைந்த டிக்கெட். எனக்குப் பாதி இங்கிலீஷ் புரியும், உனக்குச் சுத்தமாகப் புரியாது. ஆனால் படம் முடிந்து வந்ததும் கதை சொல்கிறவள் நீதான். ஒரு அமெரிக்க நடிகை உன்னைப் பிடித்துக்கொண்டாள். பெயர் உன் வாயில் நுழையவில்லை. 'கிளவுஸ்காரி' என்று வைத்தோம். ஒரு படத்தில், விட்டுவிட்டுப் போனவன் திரும்பி வந்து நிற்கிறான். அவள் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றுகிறாள். கழற்றி முடித்த பிறகுதான் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். அந்தப் படத்துக்கு நாம் மூன்று தடவை போனோம். "எழுத்துதான்ளா எனக்கு வராது. மொகம் படிப்பேன்" என்றாய் வெளியே வரும்போது.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் அவள் கதை வந்திருந்தது. மின்சார ரயிலின் லேடீஸ் டப்பாவில் உட்கார்ந்து உனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பதினாறு வயதில் மேடை ஏறினாள். பட முதலாளிகள் வந்து அழைத்துப் போனார்கள். கொஞ்ச காலம் ஊரே அவள் பின்னால் திரிந்தது. வயது ஏறியதும் கழற்றிவிட்டார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு மேடைக்கே திரும்பி வந்து, சின்னச் சின்ன ஊர்களில் நாடகம் போட்டாள். வசனம் மனப்பாடம் பண்ணுவதற்கென்று சாகும்வரை கூடவே ஒரு தோழியை வைத்திருந்தாளாம்.

நீ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி யோசித்தாய். "இவளுக்கும் வாசிக்க வராதோ என்னமோ. இவளுக்கும் ஒரு நீ இருந்திருக்கா பாரேன்."

அந்த வார்த்தையை நான் பல வருஷம் பதக்கம் மாதிரி சுமந்தேன். சுமக்கத் தகுதி இல்லாமல் போன பிறகும்.

எழுத மறுத்துக்கொண்டே இருந்த பேனாவை இப்போது அந்த நாடகத்துக்குக் கொண்டுவருகிறேன். கணவன் விட்டுவிட்டு ஓடிப்போய், பதினெட்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். மனைவி நீ. முடிவில் நீ ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்த வேண்டும், திரை விழும். அதுதான் ஒத்திகை. மாட்டுங்காவில் நன்றாகப் போனால் அடுத்த மாதம் சென்னையில் ஒரு நாடக விழாவில் போடுவதாக ஏற்பாடு. உனக்குச் சென்னை என்றால் அப்படி ஒரு வெறி. "தமிழாளுக முன்னால நின்னு ஒரு மட்டம் பேசணும்ளா. பம்பாய்க்காரின்னு எவனாவது கண்டுபிடிக்கானா பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அதற்கென்று ஒரு சேலைகூட வாங்கி வைத்துவிட்டாய்.

நாடகத்தன்று, முதல் மணி அடித்த பிறகு சார் மேக்கப் அறைக்குள் ஒரு சீட்டை நீட்டினார். "கடைசில ஒரு வசனம் சேர்த்திருக்கேன். சொல்லிட்டுக் கதவைச் சாத்து" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். நீ சீட்டை என்னிடம் தள்ளினாய். நான் நின்றபடியே சுவரில் வைத்து இந்தியில் எழுதிக் கொடுத்தேன். 'இத்தனை வருஷம் கழிச்சு வந்து நிக்கறீங்க. உங்க முகத்துல பாவமே இல்லை.'

எந்தப் பாவம்? செய்த பாவம் என்கிறோமே, அதுவா? முகபாவம் என்கிறோமே, அதுவா? சார் நினைத்தது இரண்டாவது. வருத்தமோ வெட்கமோ எதுவும் காட்டாத மூஞ்சியோடு வந்து நிற்கிறாயே என்ற குற்றச்சாட்டு. அதற்குப் பம்பாய்ப் பா போட வேண்டும். நான் பாட்டுப் பாவைப் போட்டேன். அவசரம் என்று இத்தனை காலமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். நிஜம் வேறு. திரும்பி வந்த புருஷனை மனைவி மன்னித்துவிடுவாள் என்று என் புத்தி தானாகவே தீர்மானித்துவிட்டது. எங்கள் வீட்டில் நான் பார்த்த மனைவிகள் அப்படித்தான் இருந்தார்கள்.

நீ சீட்டைப் படித்தாய். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாய். மேடையில் கடைசிக் கட்டத்தில் கதவுப் பக்கம் போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாய், ஒவ்வொரு விரலாக. கிளவுஸ்காரி! கணவனாக நடித்தவர் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் நின்றார். நீ கிட்டே போய் அவர் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, எவ்வளவோ நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாய், அந்த முகத்தில் பாவமே இல்லை என்று. பாட்டுப் பா. துளி சந்தேகம் இல்லாத பாட்டுப் பா. பிறகு கதவைச் சாத்தினாய். அவரை வெளியே விட்டுத்தான் சாத்தினாய். மன்னித்துவிட்டு, ஆனால் உள்ளே விடாமல். அதை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதவில்லை. அரங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் முதலில் கேட்டது, கைத்தட்டல் அப்புறம்தான்.

சார் மேடைக்குப் பின்னால் ருத்ர தாண்டவம் ஆடினார். "நான் எழுதினது முகபாவம்! என் நாடகத்தையே தலைகீழாக் கவுத்துட்டியே! எங்கே அந்தச் சீட்டு?" உன் கையில் இருந்ததைப் பிடுங்கினார். இந்தி எழுத்து. பக்கத்தில் நோட்டு. அதிலும் இந்தி எழுத்து. அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் போய் முகத்தில் ஒரு அருவருப்பு வந்தது, அதுதான் மோசம். "தமிழ் தெரியாதவளையா இத்தனை நாள் நாயகியா வெச்சிருந்தேன்? யார் எழுதிக் கொடுத்தது?"

நான் மூன்றடி தூரத்தில் பிரதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். சார் என்னைத்தான் முதலில் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. பிராம்ப்டருக்கு நாடகத்தில் சொந்த வசனம் கிடையாது. எனக்குக் கிடைத்த ஒரே வசனம் அது.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபப்படவில்லை. முகம் படிக்கிற பார்வை. படித்து முடித்துவிட்டு, "நானேதான் சார் எழுதிக்கிட்டேன். யாரையும் கேக்காதீய" என்றாய். சேலை மாற்றாமலே, மேக்கப்போடு, தாராவி 90 அடி ரோடு பக்கம் நடந்து போனாய்.

சென்னைக்கு நான் போனேன். ஆமாம், போனேன். வீட்டு மனிதர்கள் இல்லாமல் நான் போகிற முதல் வெளியூர். அதை இழக்க மனசு வராமல்தான் அன்று அந்தப் பொய். உன் பாத்திரத்தை வேறொருத்தி செய்தாள். தமிழ் எம்.ஏ. தள்ளி நின்று, பம்பாய்ப் பாவிலேயே திருத்தமாகச் சொன்னாள். மரியாதையான கைத்தட்டல் கிடைத்தது. திரையோரத்தில் நான் அவளுக்கு எடுத்துக்கொடுக்கும்போது என் உதடு உன்னுடைய பாட்டுப் பாவைத்தான் சொல்லிற்று. கிசுகிசுப்பில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

திரும்பி வந்தபின் மூன்று வாரம் உன் தெரு வழியே போகாமல் சுற்றிப் போனேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீயே என் வீட்டுக் கதவைத் தட்டினாய். கையில் புது நோட்டு. "செம்பூர்ல ஒரு நாடகக் குழு கூப்பிடுதாவ. இந்தியில எழுதித்தான் வாசிப்பேன்னு மொதல்லயே சொல்லிட்டேன். எந்த எழுத்துல படிச்சா என்னம்மா, பேசுறது தமிழ்தானேன்னுட்டாரு அந்த மனுசன். இந்தா, எழுது" என்றாய். காப்பி கேட்டாய். சர்க்கரை குறைவு என்று திட்டினாய். சென்னை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீ கேட்காததால் நானும் சொல்லாமல் தப்பித்தேன். இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல்.

அந்த வருஷங்கள் உனக்கு நல்ல வருஷங்கள்தான். செம்பூர், கோவண்டி, அம்பர்நாத் என்று தமிழர்கள் இருக்கிற இடமெல்லாம் நாடகம். கண்ணாடிக்கு வேலை இல்லாமல் போனது. நடுவில் இந்திப் படங்களும் வந்தன. இருபது முப்பது படம் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே வேஷம், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு 'ஐயையோ' என்று அலறுகிற மதராசி அத்தை. உன் இந்தி அந்த நடிகர்கள் பலருடைய இந்தியைவிடச் சுத்தம். "எனக்கு நல்லா வாரதைக் கெடுத்துப் பேசுன்னு இந்தப் படக்காரன் சொல்லுதான். எனக்கு எழுத வராததை நல்லாப் பேசுன்னு அந்த சாரு சொன்னாரு. ரெண்டுக்கும் சம்பளம் நடிப்புக்குத்தானளா" என்பாய். பிறகு அதுவும் நின்றது. கிளவுஸ்காரி மாதிரியே மூட்டையைக் கட்டிக்கொண்டு மேடைக்கே வந்தாய். அறுபத்தைந்து வயதில் செம்பூரில் கடைசி நாடகம். அதற்கும் நோட்டு நான்தான் எழுதினேன். புள்ளிகள் எல்லாம் பெரிசு பெரிசாக வைத்தேன்.

காட்கோபரில் உன் மகள் வீட்டில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்தேன். ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். மகள் டீ போட உள்ளே போனாள். உனக்குக் குரல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது, காற்றுதான் வந்தது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து, "அன்னிக்கு சார் கேட்டப்போ நான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வசனம் வரவில்லை. எனக்கு எடுத்துக்கொடுக்க யாரும் இல்லை.

நீ போர்வை நுனியில் கையைத் துடைத்தாய். ஒவ்வொரு விரலாக, மெதுவாக. ஐந்து விரலுக்கும் நேரம் எடுத்தது. பிறகு அந்தக் கையால் என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாய். பார்த்தாய். உன் உதடு அசைந்தது.

"ஒம் மொகத்துல பாவமே இல்லளா."

டீ வந்துவிட்டது. உன் மகள், "அம்மா என்ன சொல்லுதா அத்தை?" என்று கேட்டாள். "பழைய நாடக வசனம்" என்றேன்.

எந்தப் பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. மேடையில் உன் வாயில் வந்த பாவில் எந்தக் காலத்திலும் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அன்று உனக்குக் குரல் இல்லை, காற்றுதான் இருந்தது. ஆயுசு முழுக்கக் கிசுகிசுத்தே வேலை பார்த்த எனக்கு அது தெரியாதா? என்னை மன்னித்தாயா? இல்லை, இத்தனை வருஷமும் ஒன்றுமே காட்டாத மூஞ்சியோடு காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாயே என்று கேட்டாயா? இரண்டில் எதுவானாலும் அது எனக்குரியதுதான். உன் கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அது இன்னும் முகவாயில் இருக்கிறது.

கண்ணாடி இல்லாமலே, கைப்பழக்கத்தில் இந்த மடலைத் தமிழில் எழுதி முடித்துவிட்டுத்தான், உனக்குப் படிக்க வராதே என்று நினைவு வந்தது. பழக்கதோஷம். கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டு வரும்போது கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து, மத்தியானத்திலிருந்து இந்தி எழுத்தில் உனக்காக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ழகரம் தவறாமல் புள்ளி வைத்திருக்கிறேன். இப்போது உன் கடைசி வசனத்துக்கு வந்துவிட்டேன். தமிழில் யோசிக்காமல் எழுதிவிட்டேன், தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இந்தியில் இரண்டு பாவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அன்று உன்னைக் கேட்காமல் நானாக ஒரு பா போட்டேன். இன்னொரு முறை அதைச் செய்ய மாட்டேன். ஓர் எழுத்துக்கு இடம் விட்டு, 'வம்' என்று மட்டும் எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போகிறேன்.